பொய், புளுகு, சுத்துமாத்து: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். கொழும்பில் இவை எல்லாவற்றுக்கும் 'பொய்' என்ற ஒரே பொருள்தானா என்கிறார். இல்லை.

பொய்தான் பொதுச்சொல். அதற்குப் பேச வாய்கூட வேண்டாம்: மழை பொய்க்கும், கணிப்பும் பொய்க்கும். போலிப் பொருளுக்கு வரும் அடைமொழியோ 'கள்ள'. கள்ளக் காசு, கள்ளக் கையெழுத்து என்போம். 'பொய்க் காசு' என்றால் காதில் ஒட்டாது.

சிக்கலானது புளுகு. 'அவன் புளுகுறான்' என்றால் உள்ளதை ஊதிப் பெருப்பிக்கிறான் என்று பொருள், அதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். கொழும்பின் வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, 'மகனுக்கு வேலை கிடைச்சது, ஒரே புளுகம்' என்றால் திடுக்கிட வேண்டாம். அவர் சொல்வது மகிழ்ச்சியை. புளுகும் புளுகமும் கடைசியில்தான் வித்தியாசம்!

சுத்துமாத்து வேறு ரகம், அதாவது மோசடி. அதில் பேச்சைவிடச் செயல்தான் பெரிது. காசு, காணி, விசா என்று ஏதாவது கைமாறியிருக்கும். கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் என்னிடம் பழைய போனைப் புதுப் பெட்டியில் போட்டு விற்றது அசல் சுத்துமாத்து.

எனக்குப் பிடித்தது 'பேய்க்காட்டுறது', அதாவது ஏய்ப்பது. இங்கே பேயன் என்றால் முட்டாள் என்பதையும் சேர்த்துக் கேட்டால் அதன் சூடு புரியும். 'என்னைப் பேய்க்காட்டப் பாக்கிறியா?' என்பதில் பொய் சொன்னதைவிட, தன்னை மடையனாக நினைத்துவிட்டானே என்ற கோபம்தான் அதிகம். பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவர்களிடம் 'அது சரியில்லைப் போல கிடக்கு' என்று இழுப்பதுதான் வழக்கம்.