சிங்க் அடி அரைப்பான்: கசிவு எங்கே என்று பாருங்கள்
கீழக்கரை வீட்டு சிங்க்கின் அடியில் உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் விடும் அரைப்பான் உறுமுகிறது, சுழலவில்லை, நீரும் சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உறுமல் மட்டும் என்றால் மீன் முள் சிக்கியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, அரைப்பானின் அடித்துளையில் ஆலன் சாவியை (L வடிவ அறுகோணச் சாவி) விட்டுத் திருப்பினால் பெரும்பாலும் விடுபடும். சிங்க்கின் வாயில் கசிந்தால் அங்கே இடைவெளியை அடைக்கும் பசையை (putty) மாற்றினால் போதும். ஆனால் மோட்டாரின் அடியிலேயே கசிகிறதா? மோட்டாருக்குள் நீர் போகாமல் தடுக்கும் உள் சீல் போய்விட்டது. அதற்குச் செலவழிப்பது விழலுக்கு இறைத்த நீர், புதிதாக வாங்கிவிடுங்கள்.

அரைக்கும் அறை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நம் உப்புத் தண்ணீர் சாதா இரும்பை விட்டுவைக்காது. அமெரிக்க உறவினர் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள்: அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம் வீட்டில் 230, 50. பழையதைக் கழற்றும்போது ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்கட்டும், நல்ல கனம். தேங்காய் நாரும் நண்டு ஓடும் இனி குப்பைக்கூடைக்கே போகட்டும்.