பகலில் வேலைக்கு, இரவில் தற்காப்புக்கு: ஒரே மடக்குக் கத்தி போதுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 26. சென்டுலில் அம்மா, அக்கா, அத்தானோடு இருக்கிறேன். கெப்போங்கில் ஒரு கிடங்கில் வேலை. நாள் முழுக்கப் பெட்டி பிரிப்பதும் பிளாஸ்டிக் பட்டை அறுப்பதும்தான். ஓவர்டைம் முடித்து மோட்டாரில் வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். போன மாதம் கூட வேலை செய்யும் நண்பனை வழியில் மறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்கி சிலுவார் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பகலில் வேலைக்கு ஆகும், இரவில் தற்காப்புக்கும் ஆகும். எத்தனை அங்குலம் வரை அனுமதி? எந்த மாதிரிக் கத்தி வாங்கினால் தொல்லை வராது? யாராவது தாக்க வந்தால் பயன்படுத்தலாமா? இன்னொன்று: அத்தான் தாய்லாந்தின் ஹாட்யாயில் வாங்கி வந்த கத்தி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. பொத்தானை அமுக்கினால் ‘டக்’கென்று திறக்கும். புதிதாக வாங்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கத்தி இல்லை. ‘இரவில் தற்காப்புக்கும் ஆகும்’ என்ற அந்த ஒரு வரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

நம் மலேசியாவில் இதற்கென்று இருப்பது 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டம். அதன் 6(1)ஆம் பிரிவு, சாலையிலோ பொது இடத்திலோ சட்ட அனுமதியோ சட்டப்பூர்வமான நோக்கமோ இல்லாமல் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. பிரம்படியும் விழலாம். அந்தக் ‘குறைந்தது 5’ என்பதை இரண்டு தடவை படியுங்கள். முதல் குற்றம், நல்ல பிள்ளை, வயதான தாய் என்று நாங்கள் என்னதான் எடுத்துச் சொன்னாலும், சட்டமே கீழ்வரம்பு போட்டிருக்கும்போது நீதிபதியின் கை கட்டப்பட்டதுதான்.

எத்தனை அங்குலம் என்று கேட்டீர்கள். அந்தச் சட்டத்தில் அப்படி ஓர் அளவே கிடையாது. மூன்று அங்குலத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று கடைக்காரர் சொல்வார், நண்பர்கள் சொல்வார்கள். வேறு ஏதோ நாட்டின் விதியை இணையத்தில் பார்த்துவிட்டுச் சொல்வது அது. நம் சட்டத்தில் தாக்கும் ஆயுதம் என்பதற்கான விளக்கம் மிக அகலமானது: தாக்கப் பயன்படுத்தினால் காயம் ஏற்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதற்குள் அடங்கும். இப்படிப் பார்த்தால் ஸ்குரூடிரைவரும் ஆயுதம், தேங்காய் உரிக்கும் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தியும் ஆயுதம், நீங்கள் பெட்டி கிழிக்கும் கட்டரும் ஆயுதம். பையில் இல்லாமல் மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தாலும் உங்கள் வசம் இருப்பதாகத்தான் கணக்கு.

அப்படியானால் பாலேக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டத்துக்குப் போகிறவர் எல்லாம் குற்றவாளியா? இல்லை. கார் பின்பெட்டியில் பாராங், பக்கத்தில் சாக்கு, கையுறை, நாலைந்து டுரியான். அங்கே நோக்கம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. முனீஸ்வரர் பூசைக்குப் புது அரிவாள் வாங்கி, தாளில் சுற்றி, ரசீதோடு நேராகக் கோயிலுக்குக் கொண்டு போகிறவருக்கும் அதே கதைதான். அதே பாராங் பருவம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடந்தால் கதை மாறிவிடும். ஆக, ஒரே பொருள் ஓரிடத்தில் கருவி, இன்னோரிடத்தில் ஆயுதம். எதற்காக, எங்கே, எந்த நேரத்தில் வைத்திருந்தீர்கள் என்பதுதான் பிரிக்கிறது. அதை விளக்க வேண்டிய பொறுப்பும் நடைமுறையில் உங்கள் தலையில்தான் வந்து விழும், ஏனென்றால் உங்கள் மனதில் என்ன இருந்தது என்பது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்.

இப்போது உங்களையே வைத்துப் பார்ப்போம். இரவு 12:40. ஜாலான் ஈப்போவில் ரோட் பிளாக். போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்க்கிறார், சிலுவார் பாக்கெட்டில் கிளிப் பளபளக்கிறது. ‘இது எதற்கு?’ என்கிறார். நீங்கள் நேர்மையான பையன், உள்ளதைச் சொல்கிறீர்கள்: ‘ஜாகா டிரி, துவான்.’ தற்காப்புக்கு, ஐயா என்று. அவ்வளவுதான். கிடங்கு வேலை, பெட்டி, பட்டை எல்லாம் பின்னால் போய்விட்டது. மனிதர்களுக்கு எதிராகப் பயன்படுத்தத்தான் வைத்திருக்கிறேன் என்று நீங்களே சொன்னதாக அது போலீஸ் அறிக்கையில் ஏறிவிடும். ‘ஊரில் திருட்டு அதிகம், பயமாக இருக்கிறது’ என்ற பொதுவான அச்சத்தை நீதிமன்றம் சட்டப்பூர்வமான நோக்கமாக ஏற்கும் என்று என் கட்சிக்காரர் யாருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை, உங்களுக்கும் கொடுக்க மாட்டேன்.

உடனே ‘அப்படியானால் வேலைக்கு என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்’ என்று நினைக்காதீர்கள். பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்க நான் இங்கே உட்காரவில்லை. தவிர, அந்தப் பொய் நிற்காது. நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் ‘இனி எவனாவது வரட்டும்’ என்று கத்திப் படத்தோடு ஒரு வரி அனுப்பியிருப்பீர்கள், கைப்பேசியைத் திறந்தால் அது முதலில் வந்து நிற்கும். சொல்லும் காரணமும் நடப்பும் ஒத்துப்போக வேண்டுமென்றால் ஒரே வழிதான்: கத்தி உண்மையிலேயே வேலைக்கு மட்டும்.

சரி, வேலைக்கு எது வாங்கலாம்? உங்கள் வேலையைப் பார்த்தால் மடக்குக் கத்தியே தேவையில்லை என்பேன். பட்டை அறுக்கக் கொக்கி வடிவ அலகு வைத்த கட்டர் கிடைக்கிறது. முனை இல்லை, உள்ளே இருக்கும் சாமானில் கீறலும் விழாது. அட்டைப் பெட்டிக்கு, கட்டை விரலை எடுத்ததும் அலகு தானாக உள்ளே போய்விடும் கட்டர் நல்லது. இதிலும் ஸ்பிரிங்தான், ஆனால் அலகை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங். எந்த நீதிபதி பார்த்தாலும் கிடங்குச் சாமான் என்று தெரியும். கம்பெனியையே வாங்கித் தரச் சொல்லுங்கள், அது அவர்கள் செலவு.

இல்லை, மடக்குக் கத்திதான் கைக்கு வாகு என்றால், கடையில் இப்படிப் பாருங்கள். அலகில் நகத்தை வைத்து இழுக்க ஒரு சிறு பள்ளம் இருக்கும், இரண்டு கையாலும் மெதுவாகத் திறக்க வேண்டியிருக்கும். அந்த வகை நல்லது. சிவப்புப் பிடியுள்ள சின்ன சுவிஸ் கத்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கத்தரி, ஸ்குரூடிரைவர் எல்லாம் அதிலேயே மடங்கியிருக்கும். அதைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள். அலகின் நுனி கூராக இல்லாமல் முதுகுப் பக்கம் வளைந்து இறங்கியிருந்தால் இன்னும் நல்லது. அறுக்க அது போதும், குத்த உதவாது. திறந்த அலகு விரல் மேல் மடங்காமல் இருக்கப் பூட்டு வைத்த வகைகள் உண்டு. பூட்டு இருப்பதாலேயே ஒரு கத்தி சட்டவிரோதம் ஆகிவிடாது, அது உங்கள் விரலுக்குக் காவல். நம் ஊர் வியர்வைக்கும் ஈரத்துக்கும் துருப்பிடிக்காத எஃகே சரி. கார்பன் எஃகு கூர்மையாக இருக்கும், ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் போடுகிற ஆள் நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன்.

தொடவே கூடாதவையும் உண்டு. கறுப்புச் சாயம் பூசி, படை வீரர் படம் போட்ட பெட்டியில் வரும் கத்தி. இரண்டு பக்கமும் கூர் வைத்தது. கெரம்பிட் மாதிரி வளைந்து விரல் வளையம் வைத்தது. மணிக்கட்டை உதறினால் திறக்கும் பட்டாம்பூச்சிக் கத்தி. லேசாகத் தள்ளினால் ஸ்பிரிங் மீதியைத் திறந்துவிடும் வகையையும் விட்டுவிடுங்கள். அதற்கும் பொத்தான் கத்திக்கும் உள்ள நுணுக்கமான வேறுபாட்டை ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் நின்று விளக்க எனக்கு ஆசை இல்லை. இணையத்தில் விற்கிறார்களே என்பீர்கள். விற்பது அனுமதி ஆகாது.

வாங்கியதை எங்கே வைப்பது? கிடங்கு லாக்கரில். வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். வேறு கிளைக்கு அனுப்பினால், மற்றக் கருவிகளோடு கருவிப் பையில் போட்டு, மோட்டார் பின்பெட்டியில் பூட்டி எடுத்துப் போங்கள், வேலை அட்டையும் கூடவே இருக்கட்டும். வழியில் மாமாக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது அது இடுப்பில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது தாக்க வந்தால் என்ன செய்யலாம் என்பது. இதில் சட்டம் உங்கள் பக்கம் நிறையவே நிற்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தண்டனைச் சட்டத்தின் 96ஆம் பிரிவிலிருந்து 106 வரை முழுக்கத் தற்காப்பு உரிமைதான். ஒருவன் பாராங்கை ஓங்கிக்கொண்டு வருகிறான், உயிர் போகும் அல்லது கொடுங்காயம் வரும் என்று நியாயமாகவே அஞ்சுகிறீர்கள் என்றால், 100ஆம் பிரிவின்படி அந்த உரிமை அவன் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் நீளும். ஹெல்மெட்டோ கல்லோ, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம்.

ஆனால் எல்லையும் உண்டு. 99ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமாகத் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. 102ஆம் பிரிவின்படி ஆபத்து குறித்த அச்சம் இருக்கும்வரைதான் உடல் தற்காப்பு உரிமை. பையைப் பிடுங்கியவன் ஏறி ஓடுகிறான், நீங்கள் துரத்திப் பிடித்து முதுகில் குத்துகிறீர்கள் என்று வையுங்கள். அந்த நொடியில் உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லை. அவன் திருடன்தான், ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள். ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கு 324ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 326இல் 20 ஆண்டு வரை சிறை. அவன் இறந்துவிட்டால், நல்லெண்ணத்தோடு தற்காத்தபோது எல்லை மீறிவிட்டேன் என்று வாதாடிக் கொலைக் குற்றத்திலிருந்து தப்பினாலும் 304ஆம் பிரிவு காத்திருக்கும், அதில் 30 ஆண்டு வரை போகலாம். தற்காப்பு என்று நிரூபிக்கும் பாரமும் உங்களுடையது, சாட்சியச் சட்டம் 105ஆம் பிரிவு.

இதில் ஒரு சிக்கல், கட்சிக்காரர்கள் கேட்டதும் வாயைப் பிளப்பது: குத்தியது நியாயமான தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும், அதற்கு முந்திய நிமிடம் வரை அந்தக் கத்தியை ஏன் பாக்கெட்டில் வைத்திருந்தீர்கள் என்பது தனிக் கேள்வி. ஒன்றில் தப்பி மற்றொன்றில் மாட்டலாம்.

சட்டத்தை விடுங்கள், கையில் கையுறை, தலையில் ஹெல்மெட், மோட்டாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பாக்கெட்டைத் துழாவிக் கத்தியை எடுத்து விரிப்பதற்குள் இரண்டு பேர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். கத்தி வாங்கும் பணத்துக்குப் பையை இருக்கைக்கு அடியில் வைக்கிற மாதிரி பெட்டி ஒன்று வாங்குங்கள். ஓவர்டைம் முடிகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து கிளம்புங்கள். உங்கள் நண்பன் இன்னும் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுக்கச் சொல்லுங்கள், எந்த இடம் என்று தெரிந்தால்தான் ரோந்து வரும்.

எப்போதாவது கத்தியோடு பிடிபட்டால் தூக்கி வீசாதீர்கள், ஓடாதீர்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், கேள்வி கேட்கும் முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தொடர்புகொள்ள விட வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28A பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை இது. 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோவார்கள். இந்த மாதிரிக் குற்றத்துக்கு ரிமாண்ட் முதல் தடவை 4 நாள், அடுத்து 3 நாள் வரை கேட்கலாம். அங்கேயே தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இருக்கிறாரா என்று கேளுங்கள், ஒய்.பி.ஜி.கே. என்றால் எல்லோருக்கும் தெரியும். வாக்குமூலம் மலாயில் எழுதுவார்கள். முழுக்கப் படித்து, புரியாததைக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, அத்தானின் ஹாட்யாய்க் கத்தி. பொத்தானில் பாயும் கத்தி அதே 1958 சட்டத்தின் அட்டவணையில் பெயர் குறித்துத் தடுக்கப்பட்ட ஆயுதம். 7ஆம் பிரிவு தனியாக அதற்கென்றே இருக்கிறது. வேலைக்கு வைத்திருக்கிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. சுங்கத் துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலிலும் இந்த வகைக் கத்தி இருக்கிறது, ஆக எல்லை தாண்டி வந்ததே ஒரு பிரச்சினை. அதை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள், ஆற்றில் வீசுகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்காதீர்கள். அத்தான் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும், எப்படி ஒப்படைப்பது என்பதை அவர் காவல் நிலையத்தோடு பேசி முடிவு செய்து, கூடவே வருவார். அடுத்த மாதம் பாடாங் பெசார் வழியாகப் போகிறார் என்றால், அங்கிருந்து உங்களுக்குச் சட்டை வாங்கி வரச் சொல்லுங்கள்.