கிட்டார் பெட்டியைத் திறந்தால் கற்பூர வாடையா?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பிரான்ஸில் இருந்த மாமா கொண்டுவந்த பழைய எலக்ட்ரிக் கிட்டார், பெட்டியோடு பல வருஷமாகப் பரண்மேல் கிடந்தது. திறந்தால் கற்பூர வாடை. முன்பக்கத் தகடு வளைந்து, திருகு ஓட்டைகளில் விரிசல். கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ பிடிகள் தொட்டாலே உதிர்கின்றன. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? இஸ்திரிப் பெட்டி வைத்துத் தகட்டை நேராக்கலாமா?"

ரெண்டுமே வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை அதன் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

அந்த வாடையே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. உங்கள் தகடு அநேகமாக செல்லுலாய்டு, அதாவது நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். பழைய சினிமாச் சுருளும் அந்தக்கால பிங்பாங் பந்தும் இதே சரக்குதான், தீப்பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள், போதும். தீக்குச்சி சோதனையெல்லாம் வேண்டாம்.

வயதாக ஆக இது தானாகவே சிதையும். அப்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதிலும் மூடிய பெட்டி என்றால் வாயு வெளியேற வழியே இல்லை, திருகு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் மூடி என்று அக்கம்பக்கத்து உலோகத்தை எல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். திருகுத் தலையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா பாருங்கள், அது இந்த வேலையாகத்தான் இருக்கும். ஒட்டினாலும் அரிப்பு நிற்காது, அதனால்தான் ஃபெவிக்விக்கும் வேண்டாம் என்கிறேன்.

முதல் வேலை, கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் தகட்டையும் உதிர்ந்த பிடிகளையும் கழற்றி வெளியே எடுப்பது. வயர் இணைப்புகளை போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் கை வையுங்கள். பழைய தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு. காகித உறையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில், பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் தூரமாக வையுங்கள். திரும்பக் கிட்டார் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம்.

புதுத் தகட்டுக்கு அளவெடுப்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். பழைய தகட்டை அப்படியே வரைந்து வெட்டிவிட்டேன், மாட்டிப் பார்த்தால் கடைசித் திருகு மரத்து ஓட்டைக்கு 3 மி.மீ. தள்ளி நிற்கிறது! செல்லுலாய்டு சுருங்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே வெளிவடிவத்துக்கு மட்டும் தகட்டைப் பாருங்கள், அதையும் கொஞ்சம் தாராளமாக வெட்டி அரத்தால் ராவிக் குறையுங்கள். ஓட்டைகளை மரத்திலிருந்து எடுங்கள்: உடல்மேல் காகிதத்தைப் பரப்பி, சின்ன வயதில் நாணயத்தின்மேல் தேய்ப்போமே, அதுபோல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு ஓட்டையும் வட்டமாகத் தெரியும்.

புதுத் தகட்டை வெட்ட, பெயர்ப்பலகை செய்பவர்களிடம் லேசர் மெஷின் இருக்கும், கடலூரிலோ புதுச்சேரியிலோ விசாரியுங்கள். அவர்களிடம் அக்ரிலிக் மட்டும் கொடுங்கள். பிவிசியை லேசரில் வெட்டினால் விஷவாயு வரும், மெஷினும் கெடும். பிவிசிதான் வேண்டும் என்றால் கை ரம்பத்தால் அறுக்க வேண்டியதுதான். அக்ரிலிக்கில் திருகு ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், இறுக்கி முறுக்கினால் விரிசல் விட்டுவிடும்.

பிடிகள் மட்டும் தனியாகக் கிடைக்கும். முழு ட்யூனரையும் மாற்றுவதானால் முதலில் தலைப்பகுதி ஓட்டையை அளந்துவிடுங்கள். பழைய கிட்டார்களில் பெரும்பாலும் 9 மி.மீ.க்குள் இருக்கும், இப்போதைய ட்யூனர்கள் பலவும் 10 மி.மீ. கேட்கும். அதற்காக மரத்தைக் குடையாதீர்கள், பழைய அளவிலேயே ட்யூனர் செய்து விற்கிறார்கள்.

பிக்கப்பின்மேல் துருநீக்கி எதுவும் அடிக்க வேண்டாம், அதற்குள் சுற்றியிருக்கும் கம்பி தலைமுடி அளவுக்கு மெல்லியது. காய்ந்த பிரஷ்ஷால் களிம்பைத் தட்டிவிட்டு, இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 5 முதல் 10 கிலோ ஓம்ஸ் காட்டினால் சாதாரணமாகப் பிழைத்துவிட்டது என்று அர்த்தம், முள் அசையவே இல்லையென்றால் உள்ளே அறுந்திருக்கிறது, மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

வால்யூம் குமிழ் உடைந்திருந்தால் அது மாட்டும் தண்டையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அமெரிக்கத் தண்டு 6.35 மி.மீ., மற்றவை பெரும்பாலும் 6 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், மாட்டினால்தான் ஆடும்.