கோட்டைக் கிழித்தது கோதாவரி

போன ஞாயிறு ஏதோ சேனலில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ போட்டிருக்கிறார்கள் போல. இந்த வாரம் தபாலில் பாதி அதைப் பற்றித்தான். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் முறை அடுத்த வாரம்.

கே: படம் அந்த வீட்டை விட்டு அதிகம் நகரவே மாட்டேன் என்கிறது. எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், சுத்த நாடகம். ஆனாலும் சேனலை மாற்ற முடியவில்லை, ஏன் சார்? – கும்பகோணம் வாசகர்

ப: நாடகம் மாதிரி என்ன, நாடகமேதான். விசு மேடையில் போட்ட ‘உறவுக்குக் கை கொடுப்போம்’தான் இதற்கு மூலம். 1975-ல் ஜெமினி கணேசன், சௌகார் ஜானகியை வைத்து அதே பெயரில் படமாகவும் எடுத்தார்கள், ஓடவில்லை. அவர்கள் என்ன சாதாரண நடிகர்களா? ஆக பெரிய பேர்கள் இருந்தால் போதும் என்று சொல்ல முடியாது. பதினோரு வருஷம் கழித்து 1986-ல் ஏவி.எம்முக்காக விசு அதைத் திருப்பி எழுதி, இயக்கி, அப்பா அம்மையப்ப முதலியாராகத் தானே நடித்தபோது ஜனம் குடும்பம் குடும்பமாக வந்தது. நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

கதை என்று பார்த்தால் நம் தெருவில் நாலு வீட்டில் நடந்ததுதான். மூத்த மகன் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கிறான், அப்பாவுக்கு ரோஷம் வந்து வீட்டையே இரண்டாகப் பிரிக்கிறார். இதை வைத்து உட்கார வைக்க வேண்டுமென்றால் பேசுகிறவர் மட்டும் நடித்தால் பத்தாது, நின்று கேட்கிறவர்களும் நடிக்க வேண்டும். அடுத்த தடவை பார்க்கும்போது விசுவை விட்டுவிட்டு, அம்மா கோதாவரியாக வரும் கமலா காமேஷை மட்டும் பாருங்கள். ‘கோதாவரி, கோட்டைக் கிழிடி’ என்று மீம் போடுகிறவர்கள் எல்லாம் விசுவின் குரலைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கத்துவது அவர், குனிந்து கோடு கிழிக்க வேண்டியது அந்த அம்மாள். புருஷனுக்கும் பெற்ற பிள்ளைக்கும் நடுவில் கோடு போடும் வேலை அவள் தலையில் விழுகிறது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச அவளுக்கு அங்கே இடமில்லை, எனக்கு அந்தக் காட்சியே கமலா காமேஷுடையதுதான்.

கே: ரகுவரனை வில்லனாகப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் அவர் மேல் கோபப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. – தேனி வாசகி

ப: கோபப்படுங்கள், ஆனால் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் செய்யும் மூத்த மகன் சிதம்பரம் கெட்டவன் இல்லை, கணக்குப் பிள்ளை. வீட்டில் ஆள் குறைந்தால் நான் கொடுக்கும் பணமும் குறையத்தானே வேண்டும் என்கிறான். கணக்காகப் பார்த்தால் சரிதான், பெற்றவரிடம் போய்ச் சொல்கிறானே என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த ஒல்லி உருவமும் கறார் பேச்சும் சேரும்போது நமக்குத் தெரிந்த யாரோ ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். என் அண்ணன் இந்தப் படம் ஓடினால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். கேட்டால் தலைவலி என்பார்.

கே: விசு ஓவர் ஆக்டிங்தானே? – திருச்சி வாசகர்

ப: ஆமாம். உங்கள் அப்பா கோபம் வந்தால் அளவாகத்தான் பேசுவாரா?

கே: மனோரமா இல்லாவிட்டால் இந்தப் படம் என்ன ஆகியிருக்கும்? – சேலம் வாசகர்

ப: அழுது வடிந்திருக்கும். கதை அதுபாட்டுக்கு இறுக்கமாகப் போகிறது, சிரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று ஏவி.எம். சரவணன் சொல்லித்தான் வேலைக்காரி கண்ணம்மாவைச் சேர்த்தார்கள். சேர்த்த ஆள்தான் இன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பெண் எடுத்த சம்பந்தி ஆல்பர்ட் பெர்னாண்டஸாக வரும் கிஷ்முவுடன் (விசுவின் சொந்தத் தம்பி இவர்) மனோரமா மல்லுக்கு நிற்கும் காட்சியைப் பாருங்கள். அதுவரைக்கும் வீட்டோடு வீடாக இருந்தவள் திடீரென்று தெருச் சண்டைக் குரலை எடுக்கிறாள். ‘கம்முனு கெட’, அவ்வளவுதான் வசனம், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வேறு மாதிரி விழுகிறது. இதில் கிஷ்முவுக்கும் பங்கு உண்டு, அவர் அவ்வளவு விறைப்பாக நிற்காவிட்டால் மனோரமா அடிக்கும் அடி எதில் விழும்? சந்திரசேகர், மாதுரி வரும் இரண்டாவது மகன் பகுதி இந்த அளவுக்கு இல்லை, பாவம், புதுசாகக் கல்யாணமானவர்களின் மனத்தாங்கலைச் சொல்ல வந்து பாதியில் நிற்கிறது.

கே: மற்ற மொழிகளில் எடுத்தார்களா? – கோவை வாசகர்

ப: எடுத்தார்கள். 1987-ல் தெலுங்கில் ‘சம்சாரம் ஒக சதரங்கம்’, விசு இடத்தில் கொல்லப்புடி மாருதி ராவ். அதே வருஷம் இந்தியில் ‘சன்சார்’, அப்பாவாக அனுபம் கேர், மூத்த மருமகளாக வரும் லட்சுமி இடத்தில் ரேகா. கிடைத்தால் பாருங்கள், மனோரமாவை மட்டும் எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

கே: எல்லோரையும் பாடுபட்டுச் சேர்த்து வைத்த மூத்த மருமகளே கடைசியில் தனித்தனியாகவே இருப்போம் என்கிறாளே, இது என்ன நியாயம் என்று என் மாமியார் கேட்கிறார். – மதுரை வாசகி

ப: நீங்கள் கேட்கவில்லை, மாமியார் கேட்கிறார், சரி! கோட்டை அழித்துவிட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள் என்றுதான் அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்களும் நினைத்திருப்பார்கள். லட்சுமி மறுக்கிறார். தள்ளி இருந்து, அடிக்கடி சந்தித்துக்கொண்டு, சிரித்த முகமாக இருப்போம் என்கிறார். வேறு யார் வாயில் வைத்திருந்தாலும் குடும்பத்தைப் பிரிக்கிறவள் என்று பேர் வந்திருக்கும். படம் முழுக்க அத்தனை பேர் சண்டைக்கும் நடுவில் நின்று பொறுத்துப் போனவள் அந்த உமா, அதனால் அவள் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. லட்சுமி அதற்காக முதல் ரீலிலிருந்தே சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார், அவசரப்படாமல்.

தயவுசெய்து இந்தப் பக்கத்தை மாமியாரிடம் காட்ட வேண்டாம். நானும் எங்கள் வீட்டில் காட்டப்போவதில்லை.