வீட்டு எஸ்பிரெசோ மெஷின்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும் – கேள்வி பதில்

கேள்வி: சார், மெஷினுக்கு 40,000 ரூபாய் ஒதுக்கி வெச்சிருக்கேன். காபிக் கொட்டை அரைக்கிற கிரைண்டர் தனியா வாங்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்ல நல்ல மிக்ஸி இருக்கே, அதுலயே அரைச்சா ஆகாதா?

ஆகாது. மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரே சிட்டிகைத் தூளில் மாவும் கிடக்கும், ரவையும் கிடக்கும். 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர் ரவை இருக்கிற பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும். அதனால் ஒரே கோப்பையில் புளிப்பும் இருக்கும், கசப்பும் இருக்கும். அதை எந்த மெஷினும் சரிசெய்யாது. உங்கள் 40,000-இல் ஏறக்குறையப் பாதியைக் கிரைண்டருக்கு எடுத்து வையுங்கள்.

மின்சாரக் கிரைண்டருக்குப் பணம் போதவில்லை என்றால் கைக் கிரைண்டர் தாராளமாகப் போதும். பார்க்க வேண்டியது, திருகின் ஒரு கிளிக்குக்கு அரைக்கும் பல் (பர்) எத்தனை மைக்ரான் நகர்கிறது என்பதை. கிங்கிரைண்டர் கே6-இல் ஒரு கிளிக் 16 மைக்ரான், 1சீப்ரெசோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரான். எஸ்பிரெசோவில் ஒரே கிளிக்கில் ஷாட் (ஒரு தடவை காபி இறங்குவது) நேரம் சில நொடிகள் மாறிவிடும் என்பதால் அந்த நகர்வு சின்னதாக இருக்க இருக்க நல்லது. டிரிப் காபிக்கென்று விற்கும் கைக் கிரைண்டர்களில் இரண்டு கிளிக்குக்கு நடுவே நமக்கு வேண்டிய இடம் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: டெலோங்கி டெடிகா, பிரெவில் பம்பினோ, காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா. இந்த நாலில் எது?

நான்கும் நான்கு வகை ஆட்களுக்கானவை.

டெடிகா 15 செ.மீ. அகலம்தான், சின்னச் சமையல் மேடையிலும் இடம் பிடிக்காது. 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (தூள் போட்டு மாட்டும் கைப்பிடி), உள்ளே தெர்மோபிளாக் (தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் உலோகக் கட்டி). கூட வரும் பாஸ்கெட் (கைப்பிடிக்குள் தூள் நிற்கும் கிண்ணம்) இரட்டைச் சுவர் கொண்டது: அடியில் ஒரே ஒரு ஊசித்துளை, அந்தத் துளைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் கடையில் அரைத்த தூளிலும் நுரை வரும், ஆனால் சுவையில் ஆழம் இருக்காது. நல்ல கிரைண்டர் கைக்கு வந்ததும் 51 மி.மீ. ஒற்றைச் சுவர் பாஸ்கெட் தனியாக வாங்கி மாட்டுங்கள்; அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

பம்பினோ (ஐரோப்பாவில் சேஜ் என்ற பெயரில் விற்கிறார்கள்) 3 நொடியில் சூடாகிவிடும். போர்ட்டாஃபில்டர் 54 மி.மீ. காலையில் அவசரமாக ஒரு கப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு இதைவிட வசதியானது இல்லை. பழுதானால் பிரித்து வேலை பார்ப்பதுதான் சிரமம்.

காஜியா கிளாசிக்கும் சில்வியாவும் 58 மி.மீ. இரண்டிலும் மூவழி சோலனாய்டு வால்வு (ஷாட் முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை வெளியே விடுவது) உண்டு. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஆலன் கீயும் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். காஜியாவின் பாய்லர் சுமார் 100 மில்லிதான், பழைய மாடல்களில் அலுமினியம். 2024-இல் வந்த மாடலில் பித்தளை. சில்வியாவில் 300 மில்லி பித்தளைப் பாய்லர். ஸ்டீம் வலுவாக வரும். இரண்டையும் 15 முதல் 20 நிமிடம் போர்ட்டாஃபில்டரை மாட்டியபடியே சூடாக விட வேண்டும்.

உங்கள் ஊரில் வேலை தெரிந்த மெக்கானிக் இல்லை, நீங்களே கழற்றி மாட்டத் தயார் என்றால் காஜியா கிளாசிக் வாங்குங்கள். பத்து வருடம் ஓட்டலாம். எதையும் கழற்றவே மாட்டேன் என்றால் டெடிகா.

கேள்வி: ஒரு மெஷின்ல 15 பார்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 20 பார். 20 தானே நல்லது?

அது பம்பின் உச்ச வரம்பு. தண்ணீர் நகரவே இல்லாதபோது பம்ப் அவ்வளவு தள்ளும், அவ்வளவுதான். காபித் தூளில் விழ வேண்டியது 9 பார். நல்ல மெஷினில் அதற்கு மேல் போனால் ஓவர்பிரஷர் வால்வு மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பிவிடும். பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்க வீட்ல 80:20 சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூள்தான். அதையே போடலாமாண்ணா?

போடாதீர்கள் தம்பி. சிக்கரி நனைந்ததும் பிசுபிசுவென்று ஊறிக்கொள்ளும். டிகாக்‌ஷன் மெதுவாக, கெட்டியாக இறங்குவதற்கு அதுவே காரணம். பித்தளை ஃபில்டரில் அது நல்ல குணம். எஸ்பிரெசோ பாஸ்கெட்டில் அதே பிசுக்கு வழியை அடைக்கும். ஷாட் முடிந்ததும் சோலனாய்டு அழுத்தத்தை வெளியேற்றும்போது அந்தக் கூழ் ஷவர் ஸ்கிரீனை (பாஸ்கெட்டுக்கு மேலே தண்ணீர் தெளிக்கும் சல்லடை) தாண்டி வால்வுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும்.

சிக்கரி இல்லாத கொட்டையாக, வறுத்த தேதி அச்சிட்டதாக வாங்குங்கள். வறுத்த 7 முதல் 14 நாளுக்குள் பயன்படுத்தத் தொடங்கினால் சரியாக இருக்கும். அதற்கு முன்னால் கரியமில வாயு அதிகம், ஷாட் ஒரு நாள் போல ஒரு நாள் வராது. ஃபில்டர் காபியின் கெட்டித்தன்மை வேண்டும் என்றால் சிக்கமகளூர் அரபிகாவோடு கால் பங்கு நல்ல ராபஸ்டா சேருங்கள். காப்பி ராயல் என்ற உயர்தர ராபஸ்டாவில் பாலைத் தாண்டி நிற்கிற கனம் உண்டு.

கேள்வி: சென்னையில் போர் தண்ணீர், டி.டி.எஸ். 900. ஆர்.ஓ. போட்டால் 15-க்கு வருகிறது. கேன் தண்ணீரும் வாங்குகிறோம். மெஷினுக்கு எதை ஊற்றுவது?

மெஷின் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. நம் ஊர்களில் மெஷினைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான்.

போர் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. அதில் இரண்டு எதிரிகள் உண்டு. கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் சுண்ணாம்பாகப் படிந்து, பென்சில் முனை நுழையாத குழாய்களை அடைக்கும். கடலோரப் பகுதி போர்களில் குளோரைடு வேறு சேர்ந்திருக்கும். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே ஊசி குத்தியதுபோல் அரித்துவிடும். சாஃப்ட்னர் முதல் எதிரியை மட்டும் எடுக்கும். குளோரைடைக் குறைக்க ஆர்.ஓ. தான் வழி.

15 டி.டி.எஸ். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால் சுண்ணாம்பு படியாது. ஆனால் காரத்தன்மை துளியும் இல்லாத தண்ணீர் உலோகத்தை மெல்ல அரிக்கும். காபியும் வெறும் புளிப்பாக, தட்டையாக இருக்கும். பாய்லரில் நீர்மட்டம் பார்க்கும் மின்முனை உள்ள பெரிய மெஷின்களில் இன்னொரு தொல்லை: தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாததால் பாய்லர் காலி என்று நினைத்துப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

தீர்வு மலிவானது. உணவுத் தரப் பொட்டாசியம் பைகார்பனேட் 10 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் இந்தக் கரைசல் 10 மில்லி. அதாவது லிட்டருக்கு 0.1 கிராம். கால்சியமே இல்லாததால் படிவு வராது. உலோகத்துக்குப் பாதுகாப்பும் கிடைக்கும், புளிப்பும் மட்டுப்படும்.

ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். திருகு இருக்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளலாமே என்பார்கள். அந்தத் திருகு செய்வது பச்சைப் போர் தண்ணீரைக் கலப்பது மட்டுமே. குளோரைடும் கடினத்தன்மையும் கூடவே திரும்பி வரும். உங்கள் 900-க்கு அது வேண்டாம்.

கேன் தண்ணீர் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. மீன்தொட்டிக் கடையில் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிட் கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறம் மாறும் வரை எண்ணுங்கள். வழக்கமான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. சொட்டுகளை 18-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். நாலு சொட்டுக்குள் மாறினால் சுண்ணாம்புப் பயம் இல்லை. பத்து சொட்டு தாண்டினால் அது மெஷினுக்கு ஆகாது.

கேள்வி: ஏற்கனவே ஒரு வருஷம் போர் தண்ணி ஊத்தியாச்சு. வினிகர் விட்டுக் கழுவலாமா?

வினிகர் வாடை ரப்பரில் ஏறிவிடும், வாரக்கணக்கில் போகாது. எலுமிச்சைச் சாறும் வேண்டாம். சக்கையும் சர்க்கரையும் உள்ளே தங்கும். சிட்ரிக் அமிலத் தூள் போதும்.

1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். நன்றாகக் கரைந்த பிறகு தொட்டியில் ஊற்றுங்கள். ஹீட்டர் சூடேறுவதற்கு முன்பே குரூப் (போர்ட்டாஃபில்டர் மாட்டும் தலை) வழியாக ஒரு கப், ஸ்டீம் வாண்ட் (பால் நுரைக்கும் குழாய்) வழியாக ஒரு கப் எடுத்துவிட்டு மெஷினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள். இதே மாதிரி கரைசல் தீரும் வரை. அலுமினியப் பாய்லர் என்றால் மொத்தம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அமிலம் அலுமினியத்தையும் தின்னும். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். அமிலம் முழுக்கப் போனதா என்று தெரிய, வெளியே வந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். பொங்கினால் இன்னும் ஒரு தொட்டி கழுவ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. படிவு தடிமனாக இருந்தால் கரையாமல் பெயர்ந்த துணுக்கு சோலனாய்டில் போய்ச் சிக்கலாம். அப்போது பாய்லரைத் திறந்து சுரண்டுவதைத் தவிர வழியில்லை. இரட்டைப் பாய்லர் மெஷின்களை வீட்டில் அமிலம் விட்டுக் கழுவவே வேண்டாம்.

கேள்வி: பேக்ஃபிளஷ் (தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவுறது) எல்லா மெஷினுக்கும் செய்யணுமா?

மூவழி வால்வு உள்ளதற்கு மட்டும். தெரிந்துகொள்ள எளிய வழி: ஷாட்டை நிறுத்தியதும் “புஸ்” என்று சத்தம் வந்து, டிரிப் டிரேவுக்குள் (அடியில் சொட்டு பிடிக்கும் தட்டு) தனிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டினால் வால்வு உண்டு. இல்லாத மெஷினில் செய்தால் அழுத்தம் போக்கிடமில்லாமல் உள்ளேயே நிற்கும். கைப்பிடியைத் திருகியதும் கொதிநீர் முகத்தில் தெறிக்கும்.

துளையில்லாத பாஸ்கெட்டை மாட்டி, எஸ்பிரெசோ மெஷின் கிளீனர் பவுடர் 3 கிராம் போட்டு, 10 நொடி ஓட்டி 10 நொடி நிறுத்துங்கள், ஐந்து முறை. பிறகு பவுடர் இல்லாமல் அதே ஐந்து முறை. தினம் இரண்டு கப் போடும் வீட்டில் மாதம் ஒரு தடவை போதும், வெறும் தண்ணீரில் மட்டும் வாரம் ஒரு தடவை. ஷவர் ஸ்கிரீனையும் அன்றைக்கே கழற்றுங்கள். அதன் மேல்புறத்தைப் பார்த்தால்தான் தெரியும்: தார் மாதிரி கறுத்த எண்ணெய் ஒட்டியிருக்கும், விரலில் தொட்டால் கெட்டுப்போன எண்ணெய் வாடை. அது முழுக்க உங்கள் அடுத்த கோப்பையில்தான் கரையும்.

கேள்வி: 18 கிராம் போடுறேன், 12 நொடியில 40 கிராம் கொட்டிடுது. ஒரே புளிப்பு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 18 கிராமைத் தொடாதீர்கள், கிரைண்டரை மட்டும் நுணுக்கமாக்குங்கள். 36 கிராம் விழ 25 முதல் 30 நொடி ஆகும் வரை. கோப்பையைத் தராசின் மேல் வைத்தே எடுங்கள். நுரை இருப்பதால் கண்ணளவு ஏமாற்றும்.

நுணுக்கமாக்கியும் சில சமயம் ஓடிவிடுகிறது, சில சமயம் அடைக்கிறது என்றால் தூள் பாஸ்கெட்டில் சமமாகப் பரவவில்லை. மெல்லிய ஊசிகளால் அடிவரை கிளறிச் சமமாக்கிவிட்டு, தூளை அமுக்கும் டேம்ப்பரைச் சாயாமல் அழுத்துங்கள். எவ்வளவு பலம் என்பதைவிடச் சாயாமல் இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி: கைப்பிடி ஓரமாகத் தண்ணீர் கசிகிறது.

குரூப் கேஸ்கெட் இறுகிவிட்டது. கைப்பிடி முன்பு நிற்கிற இடத்தைத் தாண்டி வலப்பக்கம் போகிறதா பாருங்கள், அதுவே அடையாளம். வருடம் ஒரு முறை மாற்ற வேண்டிய பாகம். பழையது கல்லாகியிருந்தால் இழுத்தால் வராது. ஒரு சிறு ஸ்க்ரூவை ரப்பருக்குள் முறுக்கி, அதைப் பிடித்து நெம்புங்கள். பள்ளத்தில் ஒட்டிய கரியைச் சுத்தமாகச் சுரண்டாமல் புதியதைப் போட்டால் அதுவும் கசியும். சிலிகான் கேஸ்கெட் கிடைத்தால் அதையே போடுங்கள், நீண்ட நாள் மென்மையாக இருக்கும்.

கேள்வி: பம்ப் சத்தம் வருது, தண்ணி வரல சார். பம்ப் போச்சா?

அவசரப்பட்டு பம்ப் வாங்காதீர்கள். முதலில் தொட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்டீம் குமிழைத் திறந்துவிட்டு, பம்பை ஓட்டுங்கள். அங்கே தண்ணீர் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது; அடைப்பு ஷவர் ஸ்கிரீனிலோ சோலனாய்டிலோ. அங்கேயும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காற்று மாட்டியிருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் தொட்டிக் குழாய்க்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம், அதிர்வுப் பம்ப் சூடேறிக் கருகிவிடும்.

கேள்வி: மச்சான் அமெரிக்காவிலிருந்து மெஷின் கொண்டுவருகிறார். டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அதிர்வுப் பம்ப் மின்சாரத்தின் அலைவோடு சேர்ந்தே அடிப்பதால் மெதுவாகிவிடும். 1,400 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் விலையும் எடையும் வேறு. இந்திய மெஷினுக்கும் ஒரு வார்த்தை: 1,400 வாட் என்றால் 6 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் பவர் பிளக்கில், எர்த் சரியாக உள்ள இடத்தில் மட்டும்.

கேள்வி: நுரைக்கு ஆவின் எந்தப் பாக்கெட்?

பழகும்வரை நீலம்: கொழுப்பு 3 சதவீதம், நுரை எளிதாக எழும்பும். கை பழகியதும் பச்சைக்கு மாறுங்கள், 4.5 சதவீதக் கொழுப்பில் சுவை இன்னும் நன்றாக இருக்கும். காய்ச்சி ஆறிய பாலில் ஏடு இருந்தால் நுரை கரடாகும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலை நேராக ஊற்றி 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்துங்கள். முடிந்த கையோடு வாண்டை ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நொடி ஸ்டீமை வெளியே விடுங்கள். ஒரு நாள் விட்டால் பால் துளைக்குள் காய்ந்துவிடும்.

கேள்வி: கிரைண்டரைச் சுத்தம் செய்ய அரிசி அரைக்கலாமா?

கூடாது. வறுத்த காபியைவிடப் பச்சரிசி கடினம். மோட்டாருக்கும் பர்ருக்கும் கெடுதல், மாவும் உள்ளே தங்கும். பிரஷ் போதும்.

கேள்வி: ஒரு மாசம் ஊருக்குப் போறோம்.

தொட்டியைக் கவிழ்த்துக் காயவையுங்கள். மெஷின் ஆறிய பிறகு பாய்லர் தண்ணீரை முடிந்த அளவு வெளியேற்றுங்கள். போர்ட்டாஃபில்டரைக் கழற்றியே வையுங்கள், மாட்டிவிட்டுப் போனால் கேஸ்கெட் நசுங்கி நிற்கும். டிரிப் டிரேயில் பால் துளி இருந்தால் எறும்பும் கரப்பானும் வரும், கரப்பானுக்கு மெஷினின் உள்பக்கம் மிகவும் பிடித்த இடம். அதனால் டிரேவையும் கழுவி வெளியே வையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வந்ததும் சுவிட்ச் போட்ட உடனே பம்பை ஓட்டி, ஸ்டீம் வாண்ட் வழியாகத் தண்ணீர் வருகிற வரை பாய்லரை நிரப்புங்கள். காலிப் பாய்லர் சூடேறினால் ஹீட்டர் போய்விடும்.