சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒளி விடுமா? கேள்வி பதில்

கேள்வி: குளுக்கோஸையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் நீரில் கரைத்துச் சூடாக்கினால் ஒளி வருமாமே, நிஜமா?

நிஜம்தான், கண்ணுக்குத்தான் தெரியாது. 1912இல் லூயி கமில் மயார் விவரித்த பழுப்பேறும் வினை இது. சர்க்கரையின் கார்போனைல் தொகுதியோடு (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ள பகுதி) அமினோ தொகுதி சேர்ந்து நீர் வெளியேறும். அங்கிருந்து வினை பல கிளையாகப் பிரிந்து டைகார்போனைல்கள், ஃப்ரீ ரேடிக்கல்கள் என்று எளிதில் வினைபுரியும் பொருள்களாகப் போகும். இவற்றை ஆக்சிஜன் தாக்கும்போது மிக அரிதாக ஒரு மூலக்கூறு கிளர்வு நிலையில், அதாவது கூடுதல் ஆற்றலோடு, பிறக்கும். அது கீழே இறங்கும்போது வருவதுதான் அந்த ஃபோட்டான், அதாவது ஒளித்துகள். இப்படி வினையே ஒளி தருவதுதான் வேதி ஒளிர்வு. ஆக்சிஜனை விலக்கினால் ஒளி படுத்துவிடும். அளக்க மிக மங்கிய ஒளியையும் உணரும் போட்டோமல்ட்டிபிளையர் குழாயும் ஒளி புகாத பெட்டியும் வேண்டும். அறை வெளிச்சம் பட்ட குப்பியே சற்று நேரம் ஒளிரும். அதனால் சர்க்கரை மட்டும், அமினோ அமிலம் மட்டும் என்று ஒப்பிட வெற்று மாதிரிகள் வைக்காமல் எதையும் நம்பாதீர்கள்.

கேள்வி: சுக்ரோஸ் போட்டால்?

அது ஒடுக்கும் சர்க்கரை அல்ல, அதாவது வினைக்குத் தேவையான கார்போனைல் அதில் கட்டுண்டு கிடக்கிறது. முதலில் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆக வேண்டும்.

கேள்வி: போன் கேமராவில் எடுக்கலாமா?

வராது.

கேள்வி: புற ஊதா விளக்கில் பழுப்புக் கரைசல் நீலமாக ஒளிர்கிறது. இதுதானே அது?

இல்லை, அது ஃபுளோரசன்ஸ், வெளி ஒளியை வாங்கி உடனே வேறு நிறத்தில் விடுவது. விளக்கை அணையுங்கள், அதுவும் அணையும்.

கேள்வி: (அவரே) ஒளிர்வது அதே மூலக்கூறு என்றால் ஏன் பிரிக்கிறீர்கள்?

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்காக. 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு மோலுக்குச் சுமார் 266 கிலோஜூல் வேண்டும். ஃபுளோரசன்ஸில் அதை விளக்கு தருகிறது. வேதி ஒளிர்வில் ஒரே படியில் நடக்கும் பிணைப்பு மாற்றம் தர வேண்டும். ஆற்றல் பல படிகளில் துளித்துளியாக வந்தால் எல்லாம் வெப்பம்தான்.

கேள்வி: (மறுபடியும் அவரே) கிளர்ந்த கார்போனைல் தன் ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஃபுளோரசன்ட் விளைபொருளுக்குக் கொடுத்தால்?

இது கேள்வி! அப்போது ஒளிர்வது அந்த விளைபொருள், ஆற்றல் மட்டும் வினையுடையது. அதையும் வேதி ஒளிர்வு என்றே சொல்வோம். ஆகவே ‘அதே மூலக்கூறு’ என்பதில் பாதி உங்கள் பக்கம். ஆனால் விளக்கு பிடித்துப் பார்த்தது இதற்குச் சான்றாகாது. வெற்று மாதிரி வைத்தீர்களா?

கேள்வி: இருட்டில் கண்ணுக்குத் தெரியுமா?

முதல் பதில்.

கேள்வி: சர்க்கரைக் கட்டியை நொறுக்கினால் பொறி தெரிகிறதே?

பிரான்சிஸ் பேக்கனே அதைக் குறித்திருக்கிறார். படிகம் உடையும்போது மின்னூட்டம் பிரிந்து காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்கிறது. அமினோ அமிலத்துக்கு அங்கே வேலை இல்லை.

கேள்வி: என் எச்பிஏ1சி (இரத்தச் சர்க்கரைச் சோதனை அளவு) கூடியிருக்கிறது. இந்த வினையா?

ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டுவது இதே வினையின் தொடக்கப் படிதான். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: லூமினால் சேர்த்தேன், பளிச்சென்று தெரிந்தது!

லூமினால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது தானே ஒளி விடும் சேர்மம். அது லூமினாலின் ஒளி. வெற்று மாதிரி எங்கே?