சிலபஸ் என்பதன் பன்மை ‘சிலபை’தானா? ‘சிலபஸஸ்’ என்று எழுதினால் தவறா?

யாரோ உங்கள் ‘சிலபஸஸ்’ஸைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள், அந்தக் கடுப்பில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுமே சரி, ஆங்கில அகராதிகள் இரண்டையும் தருகின்றன. பதில் அவ்வளவுதான். ஆனால் எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரு பயிற்சிக் கையேட்டில் ‘சிலபஸஸ்’ என்று வந்த இடங்களை அப்படியே விட்டிருந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, “இலத்தீன் சொல்லுக்கு இலத்தீன் பன்மைதான் போடணும், இதுகூடவா தெரியாது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய? அன்று இரவே தேட உட்கார்ந்தேன்.

கி.மு. 56-இல் ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். புத்தகச் சுருள்களை ஒட்டிச் சரிசெய்ய உன் ஆட்கள் இரண்டு பேரை அனுப்பு, பெயர்ச்சீட்டுக்குக் கொஞ்சம் தோலும் கொடுத்தனுப்பு என்று. சுருளைப் பிரிக்காமலே உள்ளே என்ன நூல் என்று தெரிவதற்காகத் தொங்கவிடும் துண்டுத் தோல் அது. கிரேக்கத்தில் ‘சிட்டிபா’. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சில் ஏற்றியபோது அந்த இடத்தில் ‘சிலபோஸ்’ என்று விழுந்துவிட்டது. அதைப் பன்மையாக எடுத்துக்கொண்டு ‘சிலபஸ்’ என்று ஓர் ஒருமையை உண்டாக்கினார்கள். அப்புறம் ‘ஒன்றுசேர்த்தல்’ என்ற பொருளுள்ள கிரேக்க வினையோடு முடிச்சும் போட்டாயிற்று. 1864-இல் போப் ஒன்பதாம் பயஸ் கண்டித்த 80 கருத்துகளின் பட்டியலுக்கும் ‘சிலபஸ்’ என்றே பெயர்.

ஆக, அந்த மூத்த ஆசிரியர் இலக்கணம் பேசியது ஓர் அச்சுப்பிழைக்காக!

இலத்தீன் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ‘சிலபை’ தவறு என்று நான் சொல்லவில்லை. ‘அஸ்’ என்று முடிந்தாலே ‘ஐ’ போடும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’, அதுவே பன்மை. அதற்குப் போய் ‘ஆம்னிபை’யா?

இதைக் கண்டுபிடித்து அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. அடுத்த வேலை போய்விடும். எங்களுக்குப் பக்கக் கணக்கில்தான் கூலி. பொடி எழுத்தில் அடிக்குறிப்பு நிரம்பிய பக்கமும் ஒன்று, படம் மட்டும் உள்ள பக்கமும் ஒன்று. நூறு பிழை திருத்தினால் யாருக்கும் தெரியாது, ஒன்று தப்பினால் கூட்டம் போடுவார்கள். சிசரோவுக்கு மெய்ப்புப் பார்த்தவருக்கும் பக்கக் கணக்குத்தானோ என்னவோ.